அதிமதுரம் (தொண்டை வலிக்கு)

அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றின் வேர். நாட்டு மருந்துக் கடைகளில் விரல் தடிமனுள்ள குச்சியாகக் கிடைக்கும். மேல்தோல் பழுப்பு, முறித்தால் உள்ளே மஞ்சள் நார். தொண்டை கட்டினால் சிறு துண்டை வாயில் அடக்கிச் சாற்றை மெல்ல விழுங்குவது வழக்கம்.

இதற்கு நல்ல சான்று கிடைத்திருப்பது அறுவை அரங்கில். மயக்க மருந்து கொடுக்கையில் மூச்சுக்குழாயில் செருகும் குழாய் தொண்டையைப் புண்ணாக்கிவிடும். 2013-இல் வெளியான வியன்னா ஆய்வில் 236 பேர் குழாய் செருகுமுன் கொப்பளித்தனர். ஒரு சாராருக்கு 30 மில்லி நீரில் அரை கிராம் அதிமதுரச் சாறு, மற்றவர்களுக்குச் சர்க்கரைக் கரைசல். அதிமதுரம் பெற்றவர்களிடையே தொண்டை வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2009-இல் வெளியான, 40 பேர் பங்கேற்ற இந்திய ஆய்வும் இதையே காட்டியது. எளிய மருந்துக்கு இது மதிக்கத்தக்க முடிவு. ஆனால் அது குழாய் உரசி வந்த வலி. சளி, காய்ச்சலோடு வரும் தொண்டை வலிக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது.

கொப்பளித்துத் துப்புவதில் ஆபத்து குறைவு. நாள்தோறும் விழுங்கினால், இனிப்பைத் தரும் கிளிசிரைசின் உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைக்கும்; ரத்த அழுத்தம் ஏறும். ரத்த அழுத்த நோயாளிகளும் கர்ப்பிணிகளும் விழுங்காமல் தவிர்க்க வேண்டும்.