மலை முதியவர் மறைந்தார்

2003 மே 3-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய வேளையில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் கேனன் மலையின் முதியவர் விழுந்தார். மலையை மேகம் மூடியிருந்ததால் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. காலையில் மேகம் விலகியதும் பூங்கா ஊழியர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நெற்றி இல்லை, மூக்கு இல்லை, தாடையும் இல்லை.

மலையடிவாரத்து ஏரிக்கு மேலே 1,200 அடி உயரத்தில் ஐந்து கிரானைட் பலகைகள் துருத்திக்கொண்டு நின்று, சுமார் 40 அடிக்கு ஒரு மனித முகத்தைப் பக்கவாட்டில் காட்டின. சரியான இடத்தில் நின்றால்தான் முகம். கொஞ்சம் நகர்ந்தால் வெறும் பாறை. 1805-இல் நில அளவைக்கு வந்தவர்கள் கண்டதாகப் பதிவு இருக்கிறது. எழுத்தாளர் நதானியேல் ஹாதர்ன் அவரை வைத்துக் கதை எழுதினார். 1945-இல் மாநிலச் சின்னமானார். 2000-இல் 25 சென்ட் நாணயத்திலும் இடம்பிடித்தார்.

அவரைச் செதுக்கியதும் சாய்த்ததும் ஒன்றேதான்: பாறைச் சிதைவு. ஜுராசிக் காலத்தில் பூமிக்கடியில் இறுகிய கிரானைட் அது. மேலே கிடந்த சுமை காலப்போக்கில் அரித்துப் போனதும், அழுத்தம் தளர்ந்து ஏடு ஏடாக வெடிப்பு விட்டது. பிறகு பனிப்பாளம் வந்து பள்ளத்தாக்கைச் சுரண்டிவிட்டுப் பின்வாங்கியது. வெளியே தெரிந்த செங்குத்துப் பாறையின் வெடிப்புகளுக்குள் நீர் இறங்கியது. நீர் உறையும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் பெருகும். பகலில் உருகி இரவில் உறைந்து, ஆப்பு அடித்தாற்போல விரிசலை நெம்பிக்கொண்டே இருந்தது. சுற்றியிருந்த கல்லெல்லாம் உதிர, உதிராமல் மிஞ்சியதுதான் அந்த முகம்.

உறைபனியையாவது புரிந்துகொள்ள முடிகிறது. மழைநீர் செய்த வேலைதான் எனக்கு ஆறவில்லை. கரியமில வாயு கரைந்த மழைநீர் மிக லேசான அமிலம். அது கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பாரை மெல்ல மெல்லக் கயோலினாக, அதாவது பீங்கான் செய்யும் வெள்ளைக் களிமண்ணாக, மாற்றிவிடும். ஃபெல்ஸ்பார் பொடிந்துவிட்டால் அதோடு ஒட்டியிருந்த குவார்ட்ஸ் மணிகளுக்குப் பிடிப்பு ஏது? கருங்கல் கைபட்டாலே மணலாகக் கொட்டும். முதியவரின் எடையில் பெரும்பகுதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. தாடைக்குப் பின்னால் இருந்த சிறிதளவு பாறைதான் அத்தனையையும் தாங்கியது. அந்தப் பாறைதான் உள்ளுக்குள் இற்றுக்கொண்டிருந்தது.

கைவிட்டுவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 1916-இல் எட்வர்ட் கெடெஸ் என்ற கல்குவாரி மேற்பார்வையாளர் ஏறிப்போய், நழுவிக்கொண்டிருந்த நெற்றிப் பலகையை இரும்புத் தண்டுகளால் இழுத்துக் கட்டினார். 1958-இல் இன்னும் பெரிய தண்டுகள் போட்டு, நீர் வேறு பக்கம் வழிய வாய்க்காலும் கட்டினார்கள். பின்னர் முகத்தைப் பராமரித்த நீல்ஸ் நீல்சன், அவருக்குப்பின் மகன் டேவிட், கோடைதோறும் கயிற்றில் தொங்கி விரிசல்களை அளந்தார்கள், அடைத்தார்கள். நீல்ஸ் 2001-இல் காலமானபோது, அவரது அஸ்தியை மகன் அந்த முகத்தின் கண்ணில் கொண்டுபோய் வைத்தார். விரிசலுக்குள் நீர் புகுவதைக் குறைக்க அவர்களால் முடிந்தது. ஏற்கெனவே களிமண்ணாகிவிட்டதைத் திரும்பக் கல்லாக்க யாராலும் முடியாது. இத்தனை காலம் அவர் நின்றதில் அந்தக் கைகளுக்குப் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

செய்தி பரவியதும் மக்கள் மலையடிவாரத்தில் பூ வைத்துவிட்டுப் போனார்கள். அதே இடத்தில் போலி முகம் ஒன்றைச் செய்து மாட்டலாம் என்ற யோசனையும் எழுந்தது. மாநிலம் அதை ஏற்கவில்லை. மிகச் சரியான முடிவு. அதற்குப் பதிலாக ஏரிக்கரையில் நினைவிடம் அமைத்து எஃகுத் தண்டுகள் நட்டிருக்கிறார்கள். அவரவர் உயரத்துக்குக் குறித்த இடத்தில் நின்று பார்த்தால், தண்டின் நுனியில் உள்ள புடைப்புகள் தூரத்து மலை விளிம்போடு சேர்ந்து பழைய முகமாகத் தெரியும். மாநில நெடுஞ்சாலைப் பலகைகளில் சாலை எண்ணைச் சுற்றி இன்றும் அவருடைய முகக்கோடுதான்.