ஹில் தெருவின் காவற்கோபுரம்



ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் யாங்கள் கற்ற நெறிகளுள் ஒன்று, மாணவன் கேட்கும் வினாவுக்கு அரைகுறையாக விடை கூறலாகாது என்பது. தலைமையாசிரியனாக இருந்த நாளில் அந்நெறியினின்றும் நான் ஒருமுறை வழுவினேன். சிங்கப்பூர் நகரின் நடுவே, ஹில் தெருவில் உள்ள மத்தியத் தீயணைப்பு நிலையத்திற்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். சிறுவன் ஒருவன் அண்ணாந்து நோக்கி, “ஐயா, தீயணைப்பு நிலையத்திற்குக் கோபுரம் எதற்கு?” என்றான். “தீ எங்கே பற்றுகிறது என்று பார்ப்பதற்கு” என்றேன். “இப்போது மேலே நின்று பார்ப்பவர் யார்?” என்று மீண்டும் வினவினான். “ஒருவரும் இல்லை. தொலைபேசி வந்துவிட்டதே!” என்று கூறி அவனைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். அவ்விடை பாதி விடையே. மீதியை இன்று உங்கள்முன் கூற விழைகின்றேன்.

முதலில் அக்கோபுரம் எழுந்த காரணத்தைக் காண்போம். 1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வணிகத் தலமாக நிறுவிய சிங்கப்பூர், விரைவாக வளர்ந்தது. கீழே கடையும் மேலே வீடுமாக, ஒன்றோடொன்று ஒட்டிய கடைவீடுகள் நெருங்கி எழுந்தன. அடுப்பும் எண்ணெய் விளக்கும் அருகருகே எரிந்தன. ஊர் வளர்ந்த வேகத்தில் அதற்குரிய காவல் வளரவில்லை. 1830ஆம் ஆண்டில் பிலிப் தெருவில் பற்றிய தீ மூன்று நாள் எரிந்து, பின்னாளில் செட்டியார் பெருமக்கள் கிட்டங்கி வைத்து வணிகம் நடத்திய மார்க்கெட் தெருவரை பரவியது. அந்நாளில் ஊரில் தீயணைப்புப் பொறி ஒன்றுகூட இல்லை! 1888ஆம் ஆண்டில்தான் முறையான தீயணைப்புப் படை அமைந்தது. எனினும், அத்தொழிலை முறையாகப் பயின்ற ஒருவர் அப்படைக்குத் தலைமை ஏற்க, மேலும் பல ஆண்டுகள் கழிந்தன.

அவ்வாறு வந்தவர் கேப்டன் மாண்டேகு பெட் என்பவர். 1905ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற அவர், நல்ல வண்டிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் அவர்கள் தங்குதற்கேற்ற நிலையமும் இன்றித் தீயை வெல்லல் இயலாது என்று வற்புறுத்தினார். அவர் காலத்தில், குதிரை இழுத்த வண்டிகளின் இடத்தை மோட்டார் வண்டிகள் பெற்றன. அம்முயற்சிகளின் பயனாக, 1908ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டட வேலை 1909ஆம் ஆண்டில் நிறைவுற்றது. சிங்கப்பூரில் எஞ்சியுள்ள தீயணைப்பு நிலையங்களுள் மிகப் பழமையானது இதுவே.

இனி, கட்டட அமைப்பைக் காண்போம். ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், ஆர்மீனியத் தேவாலயத்திற்கு அண்மையில், சிவப்பும் வெள்ளையுமாகப் பொலிகின்றது இந்நிலையம். பூசாமல் விட்ட செங்கல்லும், வெண்சுதை பூசிய பட்டைகளும் மாறி மாறி வரும் இம்முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பெருவழக்காய் இருந்தது. குருதியும் கட்டுத்துணியும் போலத் தோன்றுவதால், அவ்விரண்டின் பெயராலேயே அம்முறையை ஆங்கிலத்தில் வேடிக்கையாகக் குறிப்பர். உயிர்காக்கும் தொழிலுக்கு அது பொருந்தவே அமைந்துவிட்டது!

ஆயினும், இக்கட்டடத்தின் சிறப்பு நிறத்தில் மட்டும் இல்லை. வண்டிகள் தடையின்றிப் பாய்ந்து வெளியேறுமாறு, தெருவை நோக்கி அகன்ற வாயில்கள் அமைந்தன. நள்ளிரவில் மணி ஒலித்தாலும் நொடியில் இறங்கி வருமாறு, வீரர்களும் அவர்தம் குடும்பத்தாரும் நிலையத்திலேயே குடியிருக்க இடம் அமைந்தது. கோபுரமோ ஒன்றுக்கு மேற்பட்ட பணிகளைச் செய்தது. தொலைபேசி பரவாத அக்காலத்தில், அதன் உச்சியில் நின்ற காவலர் கடைவீட்டுக் கூரைகளின் மேல் புகை எழுகின்றதா என்று கண்காணித்தனர். தீயணைத்துத் திரும்பிய நீர்க்குழாய்களை நெடுகத் தொங்கவிட்டு உலர்த்தியதும் அங்கேதான். துணியால் ஆகிய அந்நாளைய குழாய்கள் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப்போகும்; மறுநாள் தீயின்முன் வெடித்துவிடும். ஆகவே, அணைத்த தீயை மறந்து அடுத்த தீக்கு ஆயத்தம் செய்த இடமும் அக்கோபுரமே எனலாம்.

அப்படியாயின், அக்கோபுரம் ஊரை முற்றும் காத்ததா? இங்கேதான் நான் சொல்லாமல் விட்ட பாதி தொடங்குகின்றது. 1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், புக்கிட் ஹோ சுவீ வட்டாரத்தில் தீப்பற்றியது. அத்தாப்பு ஓலையும் மரப்பலகையும் கொண்டு நெருக்கமாக எழுப்பிய குடிசைகள் அவை. நால்வர் மாண்டனர். சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். தீயை எவரும் காணாமற்போகவில்லை; ஊரே கண்டது. ஆனால், கண்ட பிறகு செய்தற்கு அதிகம் இல்லை. அவ்விடத்தில் அரசு விரைந்து அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது. ஓலைக் கூரையை நீக்கியதே அங்கு அமைந்த உண்மையான தீயணைப்பு.

கல்லும் காரையும் கொண்டு கட்டினால் போதுமா? போதாது என்பதை 1972ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21ஆம் நாள் காட்டியது. ராஃபிள்ஸ் பிளேஸில் இருந்த ராபின்சன்ஸ் பேரங்காடி அன்று எரிந்தது. இறந்த ஒன்பதின்மருள் எண்மர் மின்தூக்கிகளில் சிக்கியவர்கள். நான் அப்போது சிறுவன். அச்செய்தியைக் கேட்டபின் நெடுநாள் மின்தூக்கியில் ஏற அஞ்சி, படியேறியே சென்றேன். அங்கிருந்து அந்நிலையம் தொலைவில் இல்லை. வீரர்களும் விரைந்து சென்றனர். ஆனால், மின்சாரம் நின்ற கூண்டுக்குள் அகப்பட்டோரைக் கோபுரத்தின் கண் காண இயலுமா? தீ எழும்போது மின்தூக்கியை நாடலாகாது, படிக்கட்டையே நாடவேண்டும் என்னும் அறிவு அத்தகைய இழப்புகளால் மக்கள் உள்ளத்தில் ஊன்றியது. வருமுன் காவாதவன் வாழ்வுக்கு நெருப்பின்முன் கிடக்கும் வைக்கோலை உவமை கூறிய வள்ளுவர், எவ்வளவு பொருத்தமாகக் கூறினார்!

ஹில் தெருக் கட்டடம் 1998ஆம் ஆண்டில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பெற்றது. 2001ஆம் ஆண்டில் அங்கு ஒரு காட்சிக்கூடமும் திறக்கப்பெற்றது. பழைய கட்டடங்கள் பல வேறு பணிக்கு மாறிவிட்ட நகரில், நினைவுச்சின்னமான பின்னும் தன் பழைய தொழிலை விடாமல் நின்றது அதன் தனிப்பெருமை.

அன்று வினவிய மாணவன் இப்போது எங்குள்ளானோ, அறியேன். அவன் இதனைப் படிக்க நேர்ந்தால், அவனுக்குரிய விடை இதுதான்: தம்பி, கோபுரத்து உச்சியில் இன்று ஒருவரும் நிற்பதில்லை. அவர் செய்த வேலை நம் அனைவரிடமும் வந்து சேர்ந்திருக்கின்றது. உன் அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டு வழியில் பழைய நாற்காலியும் அட்டைப்பெட்டியும் அடைத்துக் கிடக்கின்றனவா என்று இன்று மாலை பார். அடைத்திருந்தால் எடுத்து அப்புறப்படுத்து. அப்போது அக்கோபுரத்தில் நிற்பவன் நீயே.