சிங்கப்பூர் ஆறு கற்பிக்கும் பாடம்



‘சுற்றுச்சூழல் தூய்மைக்கேடு’ என்னும் தலைப்பில் நம் மாணவர்கள் கட்டுரை எழுதாத ஆண்டே இல்லை எனலாம். காரணம், விளைவு, களையும் வழி என மூன்று பத்திகளை அவர்கள் மனனம் செய்தே எழுதிவிடுகின்றனர். ஆனால், அக்கட்டுரைகளில் ஓர் ஆற்றின் பெயரைக்கூடக் காண்பது அரிது. எனவே, ஜொகூரில் பணியாற்றும் நான், நீரிணைக்கு அப்பால் ஓடும் சிங்கப்பூர் ஆற்றின் வரலாற்றை வகுப்பில் எடுத்துரைத்து வருகிறேன்.

காரணங்கள்

1819-இல் ஆங்கிலேயர் வணிகத் தளம் அமைத்தது முதல் அவ்வாறே தீவின் உயிர்நாடியாக விளங்கியது. கப்பல்கள் கடலில் நங்கூரமிட, சரக்குப் படகுகள் மூட்டைகளைக் கரை சேர்த்தன. தொடக்கத்தில் இத்தொழிலில் முன்னின்றவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா படகோட்டிகள். பின்னர் அது சீனர் கைக்கு மாறியது.

வணிகம் பெருகப் பெருகக் கழிவும் பெருகியது. படகுகளின் எண்ணெய், அங்காடிக் கடைகளின் எச்சில், கழிவுநீர்க் குழாய் வசதியற்ற புறம்போக்குக் குடியிருப்புகளின் மலக்கழிவு ஆகிய அனைத்தும் ஆற்றில் கலந்தன. அருகிலுள்ள காலாங் ஆற்றுப் படுகையிலோ 600-க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகளும் சுமார் 500 வாத்துப் பண்ணைகளும் இருந்தன.

விளைவுகள்

நீரில் சேரும் கழிவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது, நீரில் கரைந்துள்ள உயிர்வளி செலவாகிறது. கழிவு அளவை மீறினால் உயிர்வளி தீர்ந்து மீன்கள் மடிகின்றன. அதன்பின் உயிர்வளியின்றி வாழும் நுண்ணுயிரிகள் பெருகி, அழுகிய முட்டையின் நாற்றமுடைய வாயுவை வெளியிடுகின்றன. 1970-களில் அந்த ஆறு கறுத்து நாறியதன் காரணம் இதுவே.

களைந்த வழி

27 பிப்ரவரி 1977-இல், அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர், காலாங் ஆறுகளில் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ இலக்கு வகுத்தார். மிதக்கும் குப்பையை அள்ளுவதோடு அப்பணி நிற்கவில்லை. கழிவு எங்கிருந்து வருகிறதோ அங்கேயே அதைத் தடுக்க முற்பட்டனர். ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்டன. சுமார் 5,000 அங்காடிக்காரர்கள் குழாய் நீரும் வடிகாலும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். 1983-இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. ஆற்றடிச் சேறும் தூர்வாரப்பட்டது. மறுகுடியமர்வு இழப்பீடு நீங்கலாக ஏறத்தாழ 170 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி செலவில், 1987-இல் பணி நிறைவெய்தியது. 2008-இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. இன்று அவ்வாறுகள் வந்து சேரும் இடம் குடிநீர்த் தேக்கமாகத் திகழ்கிறது.

இவ்வெற்றிக்கு விலையும் உண்டு என்பதை நாம் மறைத்தலாகாது. பன்றி வளர்ப்பு நாட்டிலேயே படிப்படியாகக் கைவிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள் அதை விட்டு வெளியேறினர். “ஆறு தூய்மையாக வேண்டும், பண்ணைக்காரரும் பிழைக்க வேண்டும், நீ அமைச்சரானால் என்ன செய்வாய்?” என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மனனம் செய்த விடை எதுவும் அங்கே உதவாது. அவர்கள் சிந்தித்தே ஆக வேண்டும்.

நமக்கும் இப்பாடம் தொலைவில் இல்லை. 2019 மார்ச்சில் நம் ஜொகூரின் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டதால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். மாணவர்கள் பலரும் அவர்களுள் அடங்குவர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கொட்டுவதற்குச் சில நிமிடங்களே போதும். மீட்பதற்கோ, சிங்கப்பூர் ஆற்றுக்குப் பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன. வருமுன் காப்பதே அறிவுடைமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆசிரியர்களே, அடுத்த கட்டுரைப் பாடத்திற்குமுன் பள்ளி வடிகால் எந்த ஆற்றில் சேர்கிறது என்பதை மாணவர்களையே கண்டறியச் செய்யுங்கள். பெற்றோர்களே, பொரித்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் புட்டியில் சேர்த்து வையுங்கள். அதன் காரணத்தையும் பிள்ளைகளிடம் கூறுங்கள். அதன்பின் அவர்கள் எழுதும் கட்டுரையில் ஓர் ஆற்றின் பெயர் தானாகவே இடம்பெறும்.