அடுப்படிக்கு வந்த எண்ணெய்க் கொள்கை

என் பாட்டி தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். பால்மரம் சீவி முடித்து வரும்போது தலையில் ஒரு கட்டு ரப்பர் விறகோடுதான் வீடு திரும்புவாராம். பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, அதன் பிறகு கேஸ் அடுப்பு. ஆனாலும் கொல்லையில் விறகு அடுக்குவதை அவர் விடவில்லை. "விலை ஏறினால் என்ன செய்வது?" என்பார். இதே கேள்விக்கு நாடு எப்படிப் பதில் தேடியது என்பதுதான் இன்றைய பேச்சு.

சரவாக்கின் மிரியில் 1910ஆம் ஆண்டே ஷெல் நிறுவனம் எண்ணெய் எடுத்தது. ஆனால் எண்ணெய் நம் மண்ணில் இருந்தும், விலை நம் கையில் இல்லை. 1973இல் மத்தியக் கிழக்குப் போரையொட்டி அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்தபோது, சில மாதங்களில் உலக விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. மறு ஆண்டே டுன் அப்துல் ரசாக் அரசாங்கம் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1974 ஆகஸ்டு 17ஆம் நாள் பெட்ரோனாஸ் பிறந்தது.

1979இல் தேசிய எரிசக்திக் கொள்கை உருவானது. எரிபொருளைப் போதிய அளவில் கட்டுப்படியான செலவில் வழங்குவது, வீணாக்காமல் பயன்படுத்துவது, சுற்றுச்சூழலைக் காப்பது என்பவை அதன் மூன்று நோக்கங்கள். அன்று நம் மின்சாரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் எண்ணெயில் உற்பத்தியானது. அதனால்தான் 1981இல் எண்ணெய், எரிவாயு, நீர்மின்சாரம், நிலக்கரி என்ற நான்கு எரிபொருள் கொள்கை வந்தது. 1984இல் திரங்கானு, கெர்த்தேயில் எரிவாயு ஆலை இயங்கத் தொடங்கியது. கடலடி எரிவாயுவைப் பிரிக்கும்போது கிடைக்கும் புரோப்பேனும் பியூட்டேனும்தான் நம் சமையல் கேஸ்.

விலைக்கும் ஒரு வழி கண்டார்கள். 1983 முதல் வரியையும் மானியத்தையும் கூட்டிக் குறைத்து, எண்ணெய் நிலைய விலையை அரசாங்கம் நிலைநிறுத்தியது. ஆனால் உலகச் சந்தை கொதித்தபோது அந்தச் சுமை தாங்கவில்லை. 2008 ஜூன் 5ஆம் நாள் பெட்ரோல் லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசானது. கேஸ் தோம்பு அப்படித் துள்ளவில்லை. 2010 டிசம்பரில் கிலோ 1 வெள்ளி 90 காசாகி, 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசில் பல்லாண்டு நின்றது.

மலிவு விலையிலும் ஒரு குறை உண்டு. பெரிய கார் வைத்திருப்பவருக்கே கூடுதல் மானியம் போய்ச் சேரும். இதனால் 2025 செப்டம்பர் 30 முதல் மைகார்டு வைத்துள்ள, வாகனமோட்டும் உரிமம் பெற்ற குடிமக்களுக்கு 1 வெள்ளி 99 காசில் பெட்ரோல் வழங்கும் திட்டம் தொடங்கியது. நோக்கம் நியாயமானதே. ஆனால் இங்கேயே பிறந்து, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் நம்மவர்கள்? அந்தப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

கேஸ் தோம்பு பாட்டியிடம் அடையாள அட்டை கேட்டதில்லை. மானியத்தைச் சீர்செய்யும்போது, 1979இல் எழுதிய முதல் நோக்கத்தை அடுப்படியில் நின்று அளந்து பார்க்க வேண்டும்.