பதிவேடும் துடைப்பமும்: டி. கல்லுப்பட்டியை முன்வைத்துச் சிறுநகரச் சுகாதார நிர்வாகத்தின் வரலாறு

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. கரிசல் பூமி. 1976இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. மனிதர் நெடுங்காலமாகக் குடியிருந்துவரும் இடம் என்பதை அது காட்டியது. இன்று பேரூராட்சியாகவும் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகவும் உள்ள இதுபோன்ற ஊரில் சுகாதாரப் பணி எப்படி நடக்கிறது என்று கேட்டால், எந்தப் பேரூராட்சிப் பணியாளரும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார். விடியுமுன் தெருக்கூட்டல். வாறுகாலில் தேங்கிய மண்ணை அள்ளுதல். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுதல். வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிகளைத் திறந்து கொசுப்புழு பார்த்தல். குப்பையை மக்குவது, மக்காதது எனப் பிரித்து வாங்கி வளம் மீட்பு பூங்காவுக்குக் கொண்டுபோதல். பிறப்பு, இறப்புப் பதிவு.

இந்தப் பட்டியலில் உள்ள வேலைகள் பெரும்பாலும் நூறு வயதைத் தாண்டியவை. அவற்றைச் செய்யவைக்கும் சட்டமும் மன்றமும் பலமுறை மாறியிருக்கின்றன. மாறாமல் தொடரும் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது: நோயைப் பார்த்து எழுதுகிறவர் ஓர் அமைப்பின் ஆள், அழுக்கை அள்ளுகிறவர் வேறோர் அமைப்பின் ஆள். இந்தப் பிரிவினை 1920களில் உறுதிப்பட்டது, இன்றுவரை கலையவில்லை. சிறுநகரச் சுகாதாரத்தின் பலமும் பலவீனமும் இங்கிருந்தே தொடங்குகின்றன என்பது என் வாதம்.

பஞ்சமும் பதிவும்

சென்னை மாகாணத்தில் உள்ளாட்சி முதலில் கைவந்தது நகரங்களில்தான். 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின் பயனாக மதுரை 1866இல் நகராட்சியாயிற்று. கிராமப்புறத்துக்கு 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உள்ளூரிலேயே வரி தண்ட அது வழி செய்தது. அதன் சுகாதாரப் பகுதி வேர்விடுமுன்பே தாது வருடப் பஞ்சம் வந்துவிட்டது.

1876-78 பஞ்சத்தில் பட்டினியும் காலராவும் கைகோத்து நடந்தன. 1877இல் மட்டும் மாகாணத்தில் காலராவால் இறந்தோர் மூன்றரை லட்சத்துக்கும் மேல். நிவாரண முகாம் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்டு டெம்பிள் விதித்தபோது, அது உயிரைத் தாங்காது என்று எதிர்த்து எழுதியவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். அவர் கையில் ஆயுதமாக இருந்தவை இறப்புக் கணக்குகள். அந்தக் கணக்குகள் கிராமங்களிலிருந்து வந்தன. மணியக்காரர் என்றும் கிராம முன்சீப் என்றும் அழைக்கப்பட்ட கிராம அதிகாரியே யார் பிறந்தார், யார் எதனால் இறந்தார் என்று எழுதித் தாலுகாவுக்கு அனுப்பியவர். வைத்தியம் படிக்காத ஒருவர் ‘பேதி’ என்றும் ‘காய்ச்சல்’ என்றும் எழுதிய வரிகள் அவை. குறைகள் நிறைய. ஆனாலும் மதிப்புக் குறைந்தவை என்று தள்ள முடியாது. பல பத்தாண்டுகள் கழித்து ஏ. ஜே. எச். ரஸ்ஸலும் சுந்தரராஜனும் இந்தியாவில் காலரா பரவும் முறை பற்றி 1928இல் வெளியிட்ட ஆய்வு, அந்நோய் ஏறக்குறைய ஆறு ஆண்டுக்கு ஒருமுறை தலைதூக்கும் போக்கைக் காட்டியது. கிராமத் திண்ணைகளில் எழுதப்பட்ட அந்த வரிகள் ஆண்டாண்டாகச் சேர்ந்திராவிட்டால் அப்படியொரு ஆய்வுக்கு அடித்தளமே இருந்திருக்காது.

1884இல் இரண்டு சட்டங்கள் வந்தன: நகரங்களுக்கு ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டம், கிராமப்புறத்துக்கு லோக்கல் போர்டு சட்டம். இரண்டாவது சட்டம் மூன்று அடுக்கு வைத்தது. மேலே ஜில்லா போர்டு, நடுவே தாலுகா போர்டு, கீழே சில கிராமங்களைச் சேர்த்த ‘யூனியன்’. நகராட்சி ஆகும் அளவுக்குப் பெரிதாக இல்லாத, வெறும் கிராமம் என்றும் சொல்ல முடியாத ஊர்களுக்கு யூனியனே முதல் சுகாதார வாரியம். தெருவிளக்கு, தெருக்கூட்டல், கிணறு குளம் பராமரிப்பு ஆகியவை அதன் கடமைகள். வீட்டு வரி அதன் வருமானம். இன்றைய பேரூராட்சிகளின் மூதாதை இதுவே.

ஊருணி

கரிசல்காட்டில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. மழைநீர் தேங்கும் ஊருணிதான் குடிநீர். ஆகவே இப்பகுதியின் சுகாதார வரலாற்றை ஊருணிக் கரையிலிருந்து பார்ப்பது பொருத்தம். குடிநீருக்கென ஒதுக்கிய நீர்நிலையில் குளிக்கவும், துணி துவைக்கவும், மாடு கழுவவும் தடை விதித்து அபராதம் போடும் அதிகாரம் லோக்கல் போர்டுகளுக்கு இருந்தது. ஊர்க் கட்டுப்பாடாக இருந்த ஊருணிக் காவலைச் சட்டம் தன் கைக்கு எடுத்துக்கொண்டது என்று இதைக் கொள்ளலாம்.

ஊர்க் கட்டுப்பாடு தண்ணீரை மட்டும் காக்கவில்லை, சாதியையும் காத்தது. யார் இறங்கி மொள்ளலாம், யார் தள்ளி நின்று பிறர் ஊற்றக் காத்திருக்க வேண்டும் என்பதும் அதற்குள் அடங்கியிருந்தது. போர்டு வரிப்பணத்தில் வெட்டிய கிணற்றிலேயே ஒடுக்கப்பட்டோருக்கு இடமில்லாத நிலைமை. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஆர். வீரையன் கொண்டுவந்த தீர்மானம் பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம் ஆகியவை எல்லோருக்கும் உரியவை என்று அறிவிக்கச் செய்தது. 1938இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் வந்த சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் அதற்கு வலுச்சேர்த்தது. இவற்றைச் சமூக நீதி வரலாற்றின் ஏடுகளாக மட்டும் படித்து வருகிறோம். பொதுச் சுகாதார வரலாற்றிலும் இவற்றுக்கு முதன்மையான இடம் உண்டு. நல்ல தண்ணீர் மறுக்கப்பட்ட தெருவில் காலரா முதலில் நுழைந்தால், அதற்குக் காரணம் கிருமி மட்டும் என்று எழுத எந்த ஆய்வாளருக்கும் உரிமையில்லை.

படிகளில் இறங்கிக் காலை நனைத்து நீர் மொள்ளும் கிணறுகள் இன்னொரு நோயையும் வளர்த்தன. நரம்புச்சிலந்தி. நோயாளியின் காலில் வெளிவரும் புழு நீரில் குஞ்சு விடும். நீரிலுள்ள கண்ணுக்குச் சிக்காத சைக்ளாப்ஸ் பூச்சி அதை விழுங்கும். அந்த நீரைக் குடித்தவருக்கு ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் புழு வெளிவரும். மருந்தில்லாத நோய் இது. படிகளை அடைத்துக் கைப்பிடிச் சுவர் எழுப்புவது, அடிபம்பு போடுவது, நீரைத் துணியில் வடிகட்டச் சொல்வது, கிணற்றில் டெமிபாஸ் மருந்திடுவது: இவ்வளவுதான் ஆயுதம். 1983-84இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முந்திக்கொண்டு விடுபட்டது. 2000இல் இந்தியா முழுவதும் நரம்புச்சிலந்தி அற்ற நாடாகச் சான்று பெற்றது. அன்று கிணறுகளில் விட்ட அதே டெமிபாஸை இன்று ‘அபேட் மருந்து’ என்ற பெயரில் டெங்குக் கொசுப்புழு ஒழிக்கும் பணியாளர்கள் வீட்டுத் தொட்டிகளில் ஊற்றுகிறார்கள்.

இரண்டு சம்பளப் பட்டியல்கள்

1920இல் புதிய லோக்கல் போர்டு சட்டமும் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. அதையடுத்த ஆண்டுகளில் சென்னை மாகாணம் இந்தியாவில் வேறெந்த மாகாணமும் அவ்வளவு தெளிவாகச் செய்யாத ஒன்றைச் செய்தது. சிகிச்சைத் துறையிலிருந்து பொதுச் சுகாதாரத் துறையைப் பிரித்துத் தனியாக நிறுத்தியது. மேலே சொன்ன ரஸ்ஸல்தான் அதன் முதல் இயக்குநர். மாவட்டந்தோறும் சுகாதார அலுவலர், அவருக்குக் கீழே சுகாதார ஆய்வாளர்கள், அம்மை குத்துபவர்கள். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் தொற்று நோய் செய்தி கேட்டு ஓடி, கிணற்றுக்கு மருந்திட்டு, ஊசி போட்டு, மேலே அறிக்கை அனுப்பும் பயிற்சி பெற்ற ஒரு படை உருவாயிற்று. காலராவும் பெரியம்மையும் இங்கே பின்வாங்கியதில் அந்தப் படைக்குப் பெரும்பங்கு உண்டு. பக்கத்திலேயே, அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த கம்பம் பள்ளத்தாக்கில், பிளேக் ஏன் விடாமல் தங்குகிறது என்று ஜார்ஜும் வெப்ஸ்டரும் எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் ஆராய்ந்து 1934இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மாகாணத்தின் சுகாதார அறிவு எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்குச் சான்று.

தெருவைக் கூட்டியவர்கள் இந்தப் படையில் இல்லை. அவர்கள் ஊர் மன்றத்தின் ஆட்கள். ஊரின் வீட்டு வரி வந்தால் சம்பளம், வராவிட்டால் தாமதம். பயிற்சி இல்லை, மேல்பதவி இல்லை. மலக்கூடைகளைச் சுமந்த அவர்கள் அநேகமாக அனைவரும் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள். ஆய்வாளர் குறை கண்டு எழுதுவார். பஞ்சாயத்துக்குப் பணமிருந்தால் சரிசெய்யும். அறிவும் அதிகாரமும் மாவட்டத்திலிருந்து வந்தன. உழைப்பும் செலவும் ஊரின் தலையில் விழுந்தன.

இந்த இடைவெளியைச் சட்டம் உணராமல் இல்லை. ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரப் பொறுப்பு வகித்தவர் ஸ்ரீரங்கத்து மருத்துவர் டி. எஸ். எஸ். ராஜன். அந்த ஆட்சியின்போது நிறைவேறிய 1939ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நாட்டிலேயே இவ்வகையில் முதலாவது. குடிநீர், வடிகால், கழிப்பிடம், தொற்றுநோய் அறிவிப்பு, தாய்சேய் நலம், கொசு ஒழிப்பு, விடுதிகள், உணவு, திருவிழாக்கள் என்று ஒரு சிறுநகரத்தின் அன்றாடம் முழுவதையும் அது தொட்டது. திருவிழாப் பிரிவை டி. கல்லுப்பட்டிக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். சுற்றூர்களிலிருந்து உயரமான சப்பரங்கள் வந்து கூடும் ஏழூர் அம்மன் திருவிழாவின்போது ஓர் ஊரின் தண்ணீரும் கழிப்பிடமும் பல ஊர்களின் பாரத்தைத் தாங்கவேண்டியிருக்கிறது.

சட்டத்தின் உயிர்நாடி அதன் நிதிப் பிரிவு. அரசு மானியம் நீங்கலான வருமானத்தில் நகராட்சிகள் குறைந்தது 30 சதவீதமும் ஜில்லா போர்டுகள் 12.5 சதவீதமும் சுகாதாரத்துக்கு ஒதுக்கியாக வேண்டும். 1946இல் சுகாதாரம் பற்றி ஆராய்ந்த போர் (Bhore) குழு இதையே முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது. நல்ல ஏற்பாடு, ஐயமில்லை. ஆனால் விழுக்காடு என்பது வருமானத்தைப் பொறுத்தது. மதுரைக்கு 30 சதவீதம் என்றால் ஒரு தொகை. கரிசல்காட்டுப் பஞ்சாயத்துக்கு எந்த விழுக்காடும் இரண்டு துப்புரவாளர் சம்பளத்துக்கு மேல் தேறாது.

காந்தி நிகேதன்

கோ. வேங்கடாசலபதி 1940இல் டி. கல்லுப்பட்டியில் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தை இந்த வரலாற்றோடு யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. சேர்க்கவேண்டும் என்கிறேன். கிராமத் துப்புரவும் சுகாதாரக் கல்வியும் 1941இல் காந்தி வெளியிட்ட நிர்மாணத் திட்டத்தில் தனித்தனி அங்கங்கள். காந்திய ஆசிரமங்களில் கழிப்பறையைச் சுத்தம் செய்வது முறைவைத்து எல்லோரும் செய்யும் வேலை. ஆதாரக் கல்விப் பள்ளியில் அது பாடத்தின் ஒரு பகுதி. ஒரு மனிதர் பதிவேட்டையும் இன்னொருவர் துடைப்பத்தையும் வைத்திருக்கும் அந்தப் பிரிவினையை அடியோடு மறுக்கும் மரபு, இந்த ஊரிலேயே கால் ஊன்றியிருந்தது.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை இந்த ஆசிரமத்தில்தான் கழித்தார். 1960 ஜனவரி 30இல் மறைந்தார். கணக்குத் தணிக்கையாளராகத் தொழில் தொடங்கி, அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் அவர். நிலத்திலிருந்து எடுத்தது நிலத்துக்கே திரும்பவேண்டும் என்பது அவருடைய பொருளாதாரச் சிந்தனையின் மையம். மனிதக் கழிவும் ஊர்க் குப்பையும் அந்தக் கணக்கில் வரவுப் பக்கத்தில் நிற்கும். இன்று பேரூராட்சிகள் குப்பையைப் பிரித்து உரமாக்குவதைப் புதுமையாக அறிவிக்கும்போது, அதன் கோட்பாடு அரைநூற்றாண்டுக்கும் முன்பே இதே ஊரில் வாழ்ந்த ஒருவரிடம் இருந்தது என்பதை நினைவூட்டத் தோன்றுகிறது.

ஆனாலும் ஆசிரமத்தின் வழக்கம் பஞ்சாயத்தின் வழக்கமாகவில்லை. ஆசிரமம் சாதியைக் கடந்து வேலையைப் பகிர்ந்தது. சுற்றியிருந்த சமூகம் அந்த வேலையைச் சாதியோடு கட்டியே வைத்திருந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் முதல் மத்தியச் சட்டம் 1993இல்தான் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று இயற்ற வேண்டியிருந்தது.

பேரூராட்சி

தாலுகா போர்டுகள் 1934இல் கலைந்தன. 1958ஆம் ஆண்டு சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது ஜில்லா போர்டுகளும் மறைந்தன. பேரூராட்சிகளுக்கெனத் தனி இயக்குநரகம் 1981இல் வந்தது. 2004இல் சிறிய பேரூராட்சிகள் சிறப்பு ஊராட்சிகளாக்கப்பட்டு 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. ஒவ்வொரு மாற்றத்திலும் பலகை மாறியது. ஜில்லா போர்டின் சுகாதார ஆய்வாளர் ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேர்ந்த மாநில அரசு ஊழியரானார். தெருக்கூட்டுகிறவர் பேரூராட்சி வருமானத்தை நம்பியே நின்றார். பிறகு ஒப்பந்தக்காரரை நம்பவும் நேர்ந்தது.

2020இல் கொரோனா வந்தபோது இரண்டு சம்பளப் பட்டியல்காரர்களும் ஒரே தெருவில் நின்றார்கள். மாநிலத்தின் முதல் கொரோனா மரணம் அந்த ஆண்டு மார்ச் 25இல் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. செப்டம்பரில் 1939ஆம் ஆண்டின் சட்டமே திருத்தப்பட்டு, முகக்கவசம் இல்லாதவர்களுக்கு அங்கேயே அபராதம் விதிக்கும் அதிகாரம் தரப்பட்டது. எண்பது ஆண்டுப் பழைய சட்டம் இன்னும் உயிரோடு இருப்பதை அன்றுதான் பலர் அறிந்தார்கள். நோய் அறிக்கை எழுதியவர் சுகாதாரத் துறையின் ஆள். கிருமிநாசினி தெளித்து, அடைத்த தெருக்களில் குப்பை வாங்கியவர் பேரூராட்சியின் ஆள். 2023 முதல் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் ஒரே நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் ஒன்றானபின்னும் சம்பளப் பட்டியல் இரண்டாகவே நீடிக்கிறது.

சுகாதார வரலாற்றை இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆணையர்களின் ஆண்டறிக்கைகளைக் கொண்டே எழுதினார்கள். அவை ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. துடைப்பத்தின் வரலாறு இருப்பது பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகங்களிலும், துப்புரவாளர் வருகைப் பதிவேடுகளிலும், சம்பளப் பட்டியல்களிலும். அலுவலகம் இடம் மாறும்போது பழைய தாளென்று முதலில் கழிக்கப்படுபவை இவைதான். மதுரை மாவட்டப் பேரூராட்சிகள் 1960க்கு முந்தைய பதிவேடுகளைக் கழிக்குமுன் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று ஓர் அரசாணை போதும். அதற்கு நிதியும் அதிகம் தேவைப்படாது.