உத்தரியமும் உத்தரிப்பும்

இஞ்சிவிளையில் ஒரு வீட்டு முற்றம். முப்பதாம் நாள் செபம் முடிந்து காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்திருந்த பெரியவர் ஒருவர் துணிப்பையிலிருந்து கார்மேல் மாதா உத்தரியங்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தபடியே விளக்கம் சொன்னார்: "இதுக்கு ஏன் உத்தரியம்னு பேரு? இதப் போட்டுட்டுச் சாவுறவனுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் கெடையாது. அதனாலதான்." எல்லாரும் தலையாட்டினார்கள். வயதுக்கு மரியாதை கொடுத்து நான் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு அதே விளக்கத்தை அச்சிட்ட துண்டுத்தாள் ஒன்றிலும் கண்டபோது பொறுக்க முடியவில்லை. ஒலி ஒத்துவருகிறது என்று இரண்டு சொற்களை முடிச்சுப் போட்டால் இரண்டுமே கெடும். இங்கே சொற்களோடு சேர்ந்து, மோட்சம் போகுமுன் ஆத்துமம் பாவக்கடன் தீர்க்கும் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற விசுவாசக் கோட்பாடும் கெடுகிறது.

உத்தரியம் என்பது வடமொழி உத்தரீயம். மேலே போர்த்துவது என்று பொருள். இராவணன் தூக்கிப் போகையில் மலையுச்சியில் இருந்த வானரர் நடுவே சீதை நகைகளோடு எதை எறிந்தாள் என்று வால்மீகியைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும். மேனாட்டுத் துறவியர் தோளிலிருந்து முன்னும் பின்னும் தொங்கவிட்ட ஆடைக்கு லத்தீனில் தோள்பட்டையை வைத்துத்தான் பெயர். அதை உத்தரியம் என்று தமிழாக்கியவர் சொல்லறிந்தவர். அந்த ஆடை காலப்போக்கில் சுருங்கி, கயிற்றில் கோத்த இரண்டு பழுப்புக் கம்பளித் துண்டுகளாயிற்று. ஒன்று நெஞ்சில், ஒன்று முதுகில். என் அம்மச்சியின் கழுத்தில் கிடந்ததில் வியர்வையும் தைலமும் ஊறி மாதாவின் முகம் அழிந்திருந்தது. ஓரத்தில் பிரிந்த நூலை நெருப்புக்குச்சியால் பொசுக்கி ஒட்டவைத்திருந்தாள்.

உத்தரியம் அணிந்து இறந்தவரை அடுத்த சனிக்கிழமையே மாதா வந்து மீட்பார் என்ற வாக்குறுதிக்கு 1322-ஆம் ஆண்டுப் பாப்பரசர் மடல் ஒன்றை ஆதாரமாகக் காட்டுவார்கள். அது போலி என்பது ஆய்வாளர்களிடையே எப்போதோ முடிந்துபோன விஷயம். 1613-இல் உரோமையே இதற்கு வரம்பு கட்டியது. மாதாவின் பரிந்துரையை நம்பலாம், ஆனால் அவர் உத்தரிக்கிற ஸ்தலத்துக்குள் இறங்கிப் போவதாகப் படம் வரையக் கூடாது என்றது. பெரியவரின் சொல்விளக்கம் அந்தப் படத்தைத்தான் மறுபடி வரைகிறது.

மேலாடை என்றதும் இந்த மண்ணில் பேச்சு வேறு பக்கம் திரும்பும். திரும்பட்டும். நெய்யாற்றின்கரை, விளவங்கோடு, கல்குளம் ஊர்களில் எந்தப் பெண் தோள்மேல் துணி போடலாம் என்பதற்காக 1820-களிலிருந்து அடிதடி நடந்தது. 1859 ஜூலை 26 அறிக்கையில் திருவிதாங்கூர் உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் மேனியை மூடிக்கொள்ளலாம் என்றார். மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் கூடாது என்றார். உத்தரீயத்துக்காக உதை வாங்கியவர்களின் வழிவந்த பெண்கள் இன்று கழுத்தில் உத்தரியம் அணிகிறார்கள். அந்தச் சொல்லின் வரலாறு அவர்கள் உடம்பில் எழுதியிருக்க, அதற்கு வேறொரு மூலம் கற்பிப்பது அநியாயம்.

இனி உத்தரித்தல். இதற்கு இரண்டு கட்சிகள் உண்டு. உகரச் சுட்டோடு தரித்தல் சேர்ந்தது என்பவர்கள் ஒரு கட்சி. அப்படிச் சேர்த்தால் 'தாங்குதல்' வரை போகலாம். கடன் தீர்த்தல் என்ற பொருள் எங்கிருந்து வரும்? விட்டுவிடலாம். இன்னொரு கட்சி கொஞ்சம் பலமானது. கடந்து கரையேறுதல் என்னும் உத்தரணத்திலிருந்து வந்தது என்பார்கள். பிறவியைக் கடலாக்கிய குறளைத் துணைக்கு அழைப்பார்கள். ஆற்றின் கரையையே ஊர்ப் பெயராகக் கொண்ட நெய்யாற்றின்கரைக்காரர்களுக்கு இது இனிக்கவும் செய்யும். எனக்கு இனிக்கவில்லை. கடத்தல் என்றால் ஆற்றைக் கடந்தான், கடலைக் கடந்தான் என்று இரண்டாம் வேற்றுமை வரவேண்டும். ஆற்றை உத்தரித்தான் என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? பாவத்துக்கு உத்தரிக்கிறான் என்கிறோம். செய்ததுக்கு உத்தரிக்கிறான் என்கிறோம். நான்காம் வேற்றுமை. "இதுக்கு நாளைக்கு நீதான் பதில் சொல்லணும்" என்பதில் வருகிற அதே குகரம். வேற்றுமை உருபு பொய் சொல்லாது.

ஆகவே உத்தரித்தல் என்பது உத்தரம் சொல்லுதல். உத்தரம் என்றால் விடை. தரும சாஸ்திரக்காரர்கள் வழக்குக்கு நான்கு கால் சொல்வார்கள். வாதி முறையிடுவது முதல் கால், பிரதிவாதியின் விடை இரண்டாவது, சான்று மூன்றாவது, தீர்ப்பு நான்காவது. அந்த இரண்டாம் காலுக்குப் பெயர் உத்தரம். உத்தரமும் நான்கு வகை: மறுத்தல், ஒத்துக்கொள்ளுதல், காரணம் காட்டுதல், முன்பே தீர்ந்த வழக்கு எனல். ஒத்துக்கொள்ளுதலுக்கு சம்பிரதிபத்தி என்று பெயர். பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிடுகிறவன் செய்வது இந்த சம்பிரதிபத்திதான். யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் பிரதிவாதி 'உத்தரவாதி' எனப்படுகிறான். அந்தச் சொல்லைத் தமிழர் பிணை நிற்பவனுக்குக் கொடுத்தோம். மலையாளத்தார் உத்தரவாதித்தம் என்று பொறுப்புக்கே பெயராக்கினார்கள். பாறசாலையில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குத் தேர்வில் கையில் கிடைப்பது உத்தரக்கடலாசு. களியக்காவிளை தாண்டினால் அதுவே விடைத்தாள். சர்க்கார் கட்டளை இரு பக்கமும் உத்தரவு. அதுவும் முதலில் விண்ணப்பத்துக்கு வந்த விடைதான். மேலிருந்து வந்ததால் கட்டளையாகிவிட்டது.

சீர்திருத்த சபையாரும் இதற்குச் சாட்சி சொல்வார்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜான் ஆப்ஸ் பாறசாலையில் தங்கி வேலை செய்த நாளிலிருந்து இங்கே அவர்களுக்கு வேர் உண்டு. அவர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் கிடையாது. ஆனால் அவர்கள் வேதபுத்தகத்தில் பிரதியுத்தரம் இல்லாத பக்கம் குறைவு. யோபு ஆகமத்தில் நண்பர்களுக்கு யோபு கொடுப்பது பிரதியுத்தரம், பெருங்காற்றிலிருந்து கர்த்தர் யோபுக்குச் சொல்வது உத்தரவு. கட்டளைப் பொருள் அங்கே துளியும் இல்லை. இறைநீதியை வழக்குமன்றத்துக்கு இழுத்த நூல் அது. நிரபராதி ஏன் துன்பப்படுகிறான் என்ற கேள்விக்கு அதில் யாரும் முற்பிறவிக் கணக்கைக் காட்டவில்லை. பாறசாலையிலிருந்து அதிகத் தூரமில்லாத நட்டாலத்து நீலகண்ட பிள்ளை வீட்டில் நட்டத்துக்கு மேல் நட்டம் வந்து நொந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டு மன்னரின் தளபதியான டி லனாய் அவருக்குச் சொன்ன கதை யோபுவின் கதைதான். 1745-இல் பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். விசுவாசத்தை மறுதலித்திருந்தால் பிழைத்திருக்கலாம். அவர் முன் வைக்கப்பட்ட கேள்விக்கு அவருடைய உத்தரம் அது.

இங்கேதான் சுயாதீனம் என்ற சொல்லைத் தொடவேண்டியிருக்கிறது. பழைய வேதபுத்தகத் தமிழில் சுதந்தரம் என்றால் விடுதலை அல்ல, தகப்பன் சொத்தில் பிள்ளைக்குள்ள பங்கு. சுதந்தரித்தல் என்றால் அதை அடைதல். விடுதலைக்கு அங்கே வழங்கும் ஒரு சொல் சுயாதீனம். தன் அதீனத்தில் தான் இருப்பது. பிறர் அதீனத்தில் இருப்பவனிடம் யாரும் உத்தரம் கேட்பதில்லை. திருவிதாங்கூரில் 1855 வரை மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் கச்சேரிக் கட்டிடத்தை நெருங்க முடியாமல் தொலைவில் நின்று கத்த வேண்டியிருந்தது. தன் வழக்குக்கே உத்தரம் சொல்ல வழியில்லாதவனிடம் போய், "நீ ஒருநாள் கடவுள் முன் நின்று உன் வாயால் கணக்கொப்புவிப்பாய்" என்று உபதேசியார் சொன்னபோது அது அவனுக்கு மிரட்டலாகக் கேட்டிருக்காது. அடிமைக்கு ஏது கணக்கு? கணக்குக் கேட்கிறார்கள் என்றால் அவன் ஆள்.

ஊழை நம்பிய நம் முன்னோர் இதை அறியாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஊழுக்கு அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் வகுத்தார். இளங்கோ தம் நூல் முழுவதையும் ஊழ்வினை மேல் கட்டினார். ஆயினும் வழக்குரை காதையில் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் ஊழைக் கைகாட்டவில்லை, தன்னையே கள்வன் என்றான். அதைவிடச் சுத்தமான சம்பிரதிபத்தி தமிழில் இல்லை. மறுபிறப்பை மறுத்துத் தமிழில் நூலெழுதிய தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி வழிவந்தவர்களுக்கு, செய்த வினை தானே வந்து பற்றும் என்று சொல்லாமல் செய்தவனே நின்று தீர்க்கிறான் என்று சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது. வினை வந்து ஊட்டும். உத்தரிப்பை ஆள்தான் செய்யவேண்டும்.

இப்போது எல்லைக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1, சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாளன்று, விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மறுநாள் ஆத்துமாக்கள் திருநாள். கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றியவர்கள் அன்று முதல் இரண்டு மாநிலத்தார். பூசை மலையாளத்தில் நடக்கிற கோயிலில் உத்தரிக்கிற ஸ்தலத்துக்குப் பெயர் சுத்தீகரண ஸ்தலம். சுரியானிக் கத்தோலிக்கர் பழைய நாளில் பெஸ்புர்க்கானா என்றார்கள். மீட்பின் வீடு என்ற பொருளுள்ள அழகான சுரியானிச் சொல். சுத்தீகரணத்தை நான் குறை சொல்லவில்லை, லத்தீனுக்கு அது நெருக்கமானது. ஆனால் சுத்திகரிக்கப்படுகிற பாத்திரம் ஒன்றும் செய்வதில்லை. கழுவுகிறவர் கையில் கிடக்கிறது. மனிதனின் சுயாதீனம் பாவத்தால் நலிந்தது, அணைந்துவிடவில்லை என்று 1547-இல் திரெந்து சங்கம் சொன்னதை ஒரே வினையில் அடக்கியது தமிழ்தான்.

வினையைக் கவனியுங்கள். உத்தரிக்கிற ஸ்தலம்: அங்கே உத்தரிப்பது யார்? ஆத்துமம். அது தன்வினை. கடவுள் உத்தரிப்பித்தார் என்று எந்தச் செபப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை, எந்தக் கிழவி வாயிலும் கேட்டதில்லை. அவர் கேட்கிறார், காத்திருக்கிறார், விடை ஆத்துமத்தினுடையது. தண்டனை என்று மட்டும் அதைப் புரிந்துகொண்டு கம்பளித் துண்டை முன்சீட்டாக நீட்டுகிறவர்கள் மாதாவுக்கும் மரியாதை செய்யவில்லை, மனிதனுக்கும் செய்யவில்லை.

அம்மச்சி கடைசி இரண்டு வருடம் மூட்டுவலியால் படுக்கையிலேயே கிடந்தாள். தைலம் தேய்க்கும்போது வலித்தால் சத்தம் போடமாட்டாள். "மக்களே, இங்கினயே உத்தரிச்சுத் தீத்துட்டா அங்க போயி உத்தரிக்கண்டாம்" என்பாள். யாருக்கு, எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். அறுபது வருடத்துக்கு முன் அண்ணியிடம் சொன்ன ஒரு வார்த்தையைச் சொன்னாள். அதைத் தலையெழுத்து என்றோ பிசாசின் வேலை என்றோ அவள் சொல்லவில்லை. "நான்தான் சொன்னேன்" என்றாள். கழுத்தில் உத்தரியம் அப்போதும் கிடந்தது. இரண்டு சொற்களையும் அவள் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. உத்தரிப்பு உத்தரத்தில் பிறந்தது. எந்த அகராதி வேறு சொன்னாலும் நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.