அந்து: ஒரு பெயரின் வரலாறு

திருவரங்கம் கோயிலில் வட்ட வடிவாய் ஓங்கி நிற்கும் நெற்களஞ்சியங்களை நேயர்கள் கண்டிருக்கக்கூடும். காவிரிக்கரை விளைச்சலைச் சேமித்து வைத்தோர் அனைவரும் அஞ்சிய பகை ஒன்று உண்டு. விரல் நகத்தளவே உள்ள அப்பூச்சிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அந்து.

வைக்கோல் நிறமுடைய அதன் பின்சிறகு விரல்போல் நுனி நீண்டு, ஓரங்களில் மயிர்க்குஞ்சம் கொண்டது. வளர்ந்த பூச்சி நெல்லைத் தின்பதில்லை. புழுவே மணிக்குள் புகுந்து, அரிசியை உண்டு, அங்கேயே கூட்டுப்புழுவாகிறது. காண்போர்க்கு நெல் முழுதாகவே தோன்றும், வட்டத் துளை தென்படும்போது பூச்சி வெளியேறியிருக்கும், எஞ்சுவது பதரே.

இக்கேடு நமக்கு மட்டும் உரியதன்று. பிரான்சில் அங்குமுவா என்னும் பகுதியின் தானியம் இதனால் பாழானபோது, 1760இல் அந்நாட்டு அறிவியற் கழகம் துயமெல், தியே என்னும் அறிஞர் இருவரை அனுப்பி ஆராயச் செய்தது. அவர்தம் நூல் 1762இல் வெளிவந்தது. 1789இல் ஒலிவியே என்பார் ‘செரியலெல்லா’ என்று இதற்குப் பெயர் சூட்டினார். 1870இல் ஹைனமன், தானியம் கொறிப்பது எனப் பொருள்படும் ‘சைட்டோட்ரோகா’ என்னும் பேரினத்தை வகுத்தார்.

தானியத்தோடு உலகெங்கும் பரவிய இப்பூச்சி, சென்ற இடங்களில் புதுப் பெயர்களும் பெற்றது. இங்கிலாந்தில் பள்ளியாசிரியராயிருந்துகொண்டே பல்லாயிரம் சிறு அந்துப்பூச்சிகளை வகைப்படுத்திய எட்வர்டு மெய்ரிக்கும் இதனைப் புதிய இனமெனக் கருதிப் பெயரிட்டதுண்டு. பின்வந்தோர் ஒப்புநோக்கி, அனைத்தும் ஒன்றே எனத் துணிந்து, மூத்த பெயரையே நிலைநிறுத்தினர்.

அங்கே ஒரு பூச்சிக்குப் பல பெயர். நம் பேச்சு வழக்கிலோ பல பூச்சிக்கு ஒரு பெயர். அரிசியில் நூல் கட்டும் பூச்சியையும் அந்து என்றே சொல்கிறோம். அது கார்சைரா எனப்படும் வேறு குடும்பத்துப் பூச்சி. அதன் புழு மணிகளுக்கிடையே வாழ்வதால், சலித்தும் புடைத்தும் பெரும்பாலும் அகற்றலாம். நெல் அந்துக்கு அம்முறை உதவாது. புழு மணிக்குள் அன்றோ இருக்கிறது! கதிரிலேயே முட்டையிட்டு, வயலிலிருந்தே அது வீட்டுக்கு வந்துவிடும்.

ஆதலின் நெல்லை நன்கு காயவைத்துக் குதிரின் வாயை மண்ணும் சாணமும் கொண்டு பூசி அடைத்தனர் நம் பெரியோர். குவியலின் மேற்பரப்பிலேயே இப்பூச்சி மிகுதியும் பெருகும். அகலத்தினும் உயரம் மிகுந்த களஞ்சியத்தில் அதற்குக் கிடைக்கும் இடம் குறைவு. தை அறுவடை நெல்லை வீட்டில் சேமிப்போர் முதலில் அறிய வேண்டியது, வந்திருப்பது எந்த அந்து என்பதே.